பழையபடி ஒரு ஷெட்

வந்திருந்தவர்கள்: மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் சீனிவாசகம், பட்டாசு கம்பெனி முதலாளி லட்சுமிகாந்தம், போர்மேன் சங்கிலிமுத்து, தெற்கு ஷெட்டில் மருந்து அடைக்கும் ராமுத்தாய், வடக்கு ஷெட்டில் அதே வேலை பார்க்கும் இருளம்மாள், கோயில் பூசாரி, எழுதிக்கொள்ள நான். அதே கல்லூரியில் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். திருத்தங்கல் அச்சகத்தில் இரவு ஷிப்ட். இடம் மாரியம்மன் கோயில். வருடம் 1964.

ஊரும் கல்லூரியும் சேர்ந்து செய்யும் ஆராய்ச்சி என்றார் பேராசிரியர். வீடு வீடாக ஏறி விசாரித்தது இருளம்மாள். போன சீசனில் ஷெட் வெடித்து வெந்து செத்த இருவரும் கதவை ஒட்டித்தான் கிடந்தார்கள். வேலை நேரத்தில் யாரும் எழுந்து போகக் கூடாதென்று போர்மேன் ஷெட்டுகளை வெளியே பூட்டுவார். பூட்டாமல் விட்டால் போதும் என்றாள் அவள்.

ஒரு வருடம் பார்க்கலாம் என்று முதலாளி ஒப்புக்கொண்டார். கெடுத்தவர் பேராசிரியர். இரண்டையும் திறந்துவிட்டால் எதோடு ஒப்பிடுவது? ஒரு ஷெட் பழையபடி பூட்டியே இருக்கட்டும். எது என்று பூக்கட்டிப் பார்த்துவிடுவோம், உங்கள் வழக்கம்தானே என்றார். அந்த யோசனையில் அவருக்கு அத்தனை பெருமை.

"அம்மன் சொன்னா மறுக்க மாட்டோம்னு தெரிஞ்சுதான கேக்கீக?" என்றாள் இருளம்மாள்.

"இதுல பாரபட்சமே இல்லம்மா. நீங்களும் இந்த ஆராய்ச்சியில கூட்டாளிதான்."

"அப்ப பூட்டுன ஷெட்டுல கூட்டாளியும் வந்து உக்காருவீகளா?"

முதலாளி சிரித்துவிட்டார். பேராசிரியர் பூசாரியைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெள்ளைப் பூ வந்த ஷெட் திறப்பு, சிவப்பு வந்தது பூட்டு. பூசாரி அம்மன் முன் போட்ட இரண்டு பொட்டலங்களில் ஒன்றை ராமுத்தாய் முதலில் எடுத்தாள், உள்ளே வெள்ளை. இன்னொன்றைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. அவள் இருளம்மாளின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனாள்.

இது அயோக்கியத்தனம் என்று பேராசிரியரிடம் சொன்னேன். படிப்பை முடித்திருந்தால் உனக்குப் புரிந்திருக்கும் என்றார்.

வேறு கம்பெனிக்குப் போய்விடும்படி இருளம்மாளிடம் சொன்னேன்.

"அம்மன் வாக்க மீறி நான் ஒதுங்கிட்டா, நாளைக்கு எந்த ஷெட்டு வெடிச்சாலும் என்னையத்தாம்லே சொல்லுவாக," என்றாள்.

திங்கட்கிழமை காலை, இரவு ஷிப்ட் முடிந்து அந்த வழியாக வந்தேன். தெற்கு ஷெட்டின் கதவுக்குக் கல்லை அண்டைகொடுத்து அகலத் திறந்து வைத்திருந்தார்கள். பேராசிரியர் வேப்பமரத்தடியில், வெகு தூரத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இருளம்மாள் கடைசி ஆளாக வடக்கு ஷெட்டுக்குள் போனாள். சங்கிலிமுத்து கதவைச் சாத்திப் பூட்டினார்.