எலும்புத்தூள்

ஆரோக்கியசெல்வியின் மகள் டயானாவை ஆஸ்திரேலியாவில் அடக்கம் செய்து இரண்டு வருஷமாகிறது. மகளின் கல்லறையைச் சுற்றித் தரையோடு தரையாகப் படர்ந்திருந்த அந்த நாட்டுச் செடியைப் போட்டோவில் பார்த்துவிட்டு, பெங்களூர் நர்சரியில் சொல்லி அதே கிரெவில்லியாவை வரவழைத்து, ஆரணியில் தறிக்கூடத்துக்குப் பின்னால் நட்டாள் ஆரோக்கியசெல்வி. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற, பெற்ற தாய்க்கும் ஓர் இடம் வேண்டாமா?

"இதுக்கு எருவே ஆகாதாம். போட்டா செத்துடும்னு நர்சரிக்காரன் சொன்னான்" என்றார் கணவர் யோவான்.

வெறும் மண்ணைத் தின்று உயிர் வாழ்கிற செடியும் உண்டா? அவளுக்கு மனசு கேட்கவில்லை. ரோஜாவுக்கு வைத்திருந்த எலும்புத்தூளில் வாரம் ஒரு கைப்பிடி, அவருக்குத் தெரியாமல் போட்டு வந்தாள். திருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் செடி அடியோடு கருகிப்போனது.

யோவான் மண்ணைக் கிளறி, எலும்புத்தூளைப் பார்த்துவிட்டுக் கத்தினார். "அவ்ளோ சொல்லியும் எதுக்குடி போட்ட?"

"புருஷன் சோறு போடாம பூட்டி வெச்சிகினு இருக்கான்னு அவ போன்ல அழுதப்போ, அனுசரிச்சிகினு போன்னு சொன்னீங்க. நானும் உங்க பேச்சக் கேட்டுகினு சும்மா இருந்தேன்" என்றாள் ஆரோக்கியசெல்வி. "இதையும் எப்படிங்க பட்டினி போடுவேன்?"