பூனைக்கண்ணார் பேரன்

என் மகனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த மாமியார் அங்கம்மாள், கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கோபம் வந்தால் பாத்திரத்தை வீசுகிறவர் அவர். வீசியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பிரசவத்துக்கு ஆட்டையாம்பட்டியில் தாய்மாமன் வீட்டில் இருந்துவிட்டு, பிள்ளைக்குத் தலை நின்ற பிறகுதான் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குத் திரும்பியிருந்தேன். பிறந்தபோது சாம்பல் பூத்தாற்போல இருந்த கண், அதற்குள் பச்சையாகத் தெளிந்துவிட்டது. முடியும் செம்பட்டை. எனக்கும் என் கணவர் மயில்சாமிக்கும் கண்ணும் முடியும் நல்ல கறுப்பு.

"இது ஆரூட்டுக் கண்ணு?" என்று கேட்டார் மாமியார்.

"எங்கப்பனூட்டுக் கண்ணுங்க அத்தை."

"எந்த அப்பன்?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மல்லசமுத்திரம் பக்கம் 'பூனைக்கண்ணார் வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பெரியவருக்கும், அவர் கட்டிய அத்தை மகளுக்கும், பெற்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பச்சைக் கண், செம்பட்டை முடி. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கருப்பண்ணன். பெயர்தான் கருப்பண்ணன். அவர்தான் என் அப்பன். பொலிகாளை வளர்த்தவர். கன்றைப் பார்த்ததும் அதன் தகப்பன் எந்த ஊர்க் காளை என்று சொல்லிவிடுவார் என்று ஊரே அவரை மெச்சும். மெச்சி மெச்சியே அந்த மனுஷனைக் கெடுத்தார்கள்.

சொந்தத்தில் இருந்த உரிமைப் பெண்ணை விட்டுவிட்டு, அவர் ஆசைப்பட்டு ஆட்டையாம்பட்டி வள்ளியாத்தாளைக் கட்டிக்கொண்டார். அவள்தான் என் ஆத்தா. நான் கறுப்புக் கண்ணோடு பிறந்தேன். அப்பன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மாடுகளில் கன்று செவலையாகத்தான் விழும். சில மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் மயிலையாகும். அப்படியே என் கண்ணும் மாறும் என்று காத்திருந்தாராம். காலையில் என்னைத் தூக்கி வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். நான் என்ன கன்றா? என் கண் மாறவில்லை.

"எங்கூட்டு ரத்தம்னா எங்கூட்டுக் கண்ணு இருக்கோணும்" என்று சொல்லி, ஆத்தாளையும் என்னையும் வண்டியேற்றி, மாமன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். எவனோடு என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் ஆத்தா கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருப்பாள். பெயரே இல்லாத ஒருவனை எப்படி மறுப்பது? நான் நடந்து பழகிய காலத்தில் அவள் கிணற்றில் விழுந்து செத்தாள். அவர் எடுத்துப் போடக்கூட வரவில்லை. உரிமைப் பெண்ணையே கட்டிக்கொண்டு, பச்சைக் கண்ணாக மகன்களைப் பெற்றுக்கொண்டார்.

அப்பனே வேண்டாமென்ற பெண்ணை எவன் கட்டுவான்? மாமன் சின்னுசாமி செருப்புத் தேய அலைந்து, முதல் தாரத்தை இழந்திருந்த மயில்சாமிக்கு என்னைக் கட்டிவைத்தார்.

அதனால், பிள்ளையின் கண் பச்சையாகத் தெளிந்தபோது மாமனும் நானும் பூரித்துத்தான் போனோம். ஆத்தா நல்லவள் என்பதற்குச் சாட்சி பிறந்துவிட்டது என்று மாமன் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார். பைத்தியக்காரர்கள் நாங்கள். மாமியார் ஊரில் பேச்சு வேறாக ஓடியது. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் வெள்ளைக்காரத் துரைகளின் கார்கள் ஏற்காட்டு மலை ஏறும். போன வருஷம் ஒரு கார் கொதித்து நின்றது. டிரைவர் வந்து கேட்டான் என்று ஒரு குடம் தண்ணீர் கொடுத்தேன். துரை பின்சீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அவர் கண் என்ன நிறம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஊருக்குத் தெரிந்திருந்தது.

மயில்சாமி கெட்டவர் இல்லை. "உங்கப்பன் நாலு பேரு முன்னால நீ அவரு புள்ளன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் எவன் பேசுனாலும் நான் பாத்துக்கறேன்" என்றார். மாமியாரும் அதற்கு ஒத்துக்கொண்டார். அப்பன் சொல்லாவிட்டால் நானும் பிள்ளையும் அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது.

என் துணிமூட்டையோடு ஒரு வண்டியில் கணவரும் மாமியாரும், இன்னொரு வண்டியில் மாமனும் நானும் பிள்ளையுமாக மல்லசமுத்திரம் போய்ச் சேர்ந்தோம். அப்பன் பின்புறம் மாட்டுக்கொட்டகையில் இருந்தார். மாமன் என்னையும் பிள்ளையையும் மட்டும் அங்கே கூட்டிப்போனார்.

"மாப்ளே, பேரனப் பாருங்க."

அப்பன் பிள்ளையை வாங்கி வெயிலுக்குத் திருப்பினார். பிள்ளை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. அவருக்கு உதடு கோணிக்கொண்டது. அப்படியே வைக்கோல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கய்யன் கண்ணு" என்றார். "முடியுங்கூட அவரோடதுதான்."

பிள்ளையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். "அப்பா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். அதுவரை நான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அப்ப வாசலுக்கு வந்து சொல்லிப்போடுங்க" என்றார் மாமன்.

"மச்சான், இது எனக்கு இன்னைக்குத் தெரிஞ்சதில்ல." அப்பன் தலையைத் தூக்கவில்லை. "வள்ளி செத்த மறுவருசம் நம்ம கெடாரி ஒண்ணு கன்னு போட்டுச்சு. கெடாரி மயிலை, சேத்துன காளையும் மயிலை. கன்னு மட்டும் நெறம் மாறாம செவலையாவே நின்னுபோச்சு. அந்தக் கெடாரியோட அப்பன் செவலைக் காளை. நெறம் ஒரு தலைமுறை ஒளிஞ்சிருந்துட்டு வரும்னு அன்னைக்குத்தான் கண்டேன். இதே எடத்துல உக்காந்து அழுதேன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அப்புறம் ஏன் என்னக் கூட்டிட்டு வரல?"

"நீ என்ற புள்ளன்னு சொன்னா, உங்காத்தாளக் கொன்னது நான்னு சொன்னதா ஆயிரும் சாமி."

"ஆமாங்க. கொன்னது நீங்கதானுங்க" என்றேன். "அவ போயிட்டா, அவளுக்காகச் சொல்ல வேண்டாம். இவனுக்காகச் சொல்லுங்க. இல்லாட்டி நாங்க நிக்க எடமில்ல."

அவர் பிள்ளையை என்னிடம் கொடுத்தார். நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். "போ அம்மிணி, மூஞ்சி கழுவிட்டு வாரேன்" என்றார். நான் நம்பினேன். கொட்டகையிலிருந்து வாசலுக்கு வரும்வரை என் ஆயுளிலேயே இல்லாத சந்தோஷத்தோடு இருந்தேன்.

வாசலில் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். அவருடைய மனைவியும் மகன்களும் கதவோரம் நின்றார்கள். அப்பன் முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மாமியார் எழுந்து நின்றார்.

"ஏனுங்க, உங்களச் சம்பந்தின்னு கூப்புடலாமுங்களா? இவ உங்க புள்ளைங்களா?"

அப்பன் தன் மகன்களைப் பார்த்தார். ஊராரைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்ற பசங்க கண்ண நீங்களே பாத்துக்குங்க. இவ கண்ணயும் பாருங்க. நடுவுல ஒருத்தி கருப்பா இருக்கறப்ப, பச்சை எப்படிங்க தாண்டிப் போவும்? மாட்டுலகூட நான் அப்படிக் கண்டதில்லீங்க."

கூட்டம் தலையாட்டியது. மாடு அறிந்தவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் யார் பேசுவது? "பொய்யி! இப்பத்தான் உள்ள அழுதாரு!" என்று மாமன் தொண்டை கிழியக் கத்தினார். செத்தவளின் அண்ணன் வேறென்ன சொல்வான் என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் மயில்சாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை ஒரு தரம் பார்த்தார். பார்த்துவிட்டு, தன் வண்டியில் இருந்த என் துணிமூட்டையை எடுத்துவந்து மாமன் வண்டியில் வைத்தார். தூக்கிப் போடவில்லை, மெதுவாகத்தான் வைத்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன்.

திரும்பும் வழியில் ஒரு கிணற்றடியில் மாமன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த பெண்கள், வண்டிக்குள் கைக்குழந்தையைக் கண்டதும் ஆசையாகக் கிட்டே வந்தார்கள்.

"கொழந்தையக் காட்டு கண்ணு, பாக்கலாம்" என்றாள் ஒருத்தி.

"தூங்கறானுங்க" என்று சொல்லி, பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடினேன். அவன் தூங்கவில்லை. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, துணிக்குள் சிரித்தபடி விலக்கப் பார்த்தான். நான் விடவில்லை.