யார் எழுதிய கட்டுரை?

பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது அண்ணி பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தாள். நாத்தனாரின் ஆங்கிலக் கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும், வீட்டுப்பாடத்துக்கு உதவுகிறவரே வந்தால் நல்லது என்றார் ஆசிரியை. மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லித்தான் அவளுடைய எண்ணை வாங்கினாராம். குரலே சரியில்லை.

வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்த நாத்தனாருக்கு, கல்யாணமாகி வந்ததிலிருந்து ஆங்கிலம் சொல்லித் தருவது அவள்தான். உதவுகிறேன் பேர்வழி என்று நீயே எழுதிக் கொடுத்துவிடாதே என மாமியார் அப்போதே சொல்லியிருந்தார். அண்ணி எழுதவில்லைதான். ஆனால் தப்பும் தவறுமாய் இருந்த வினைச்சொற்களைச் சுட்டிக்காட்டினாள். ஒட்டாத சொல்லுக்கு வேறு சொல் எடுத்துக் கொடுத்தாள். அதுவே அதிகமோ? பேருந்தில் வழியெல்லாம் இதே யோசனை.

ஆசிரியர் அறையில் வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கட்டுரை ஒரு கவிதையைப் பற்றியது. கணவன் ஏறிய கப்பல் கிளம்புகிறது. ஒருத்தி ஜன்னலைச் சாத்திவிட்டுத் தேநீர் போடுகிறாள். அவளுக்கு நிம்மதி என்று வாலு எழுதியிருந்தாள். இந்த வயதில் இது தானாகத் தோன்றாது என்பது ஆசிரியையின் சந்தேகம். ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டார். வாலு ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இறந்தகாலத்தையும் நிகழ்காலத்தையும் குழப்பி, பாதியில் நின்றுவிட்டாள். எடுத்துக் கொடுக்க அண்ணிக்கு வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

“தமிழ்லயே சொல்லு” என்றார் ஆசிரியை.

“அண்ணி இத சோகக் கவிதைன்னுதான் சொன்னாங்க மிஸ். நான் ஒத்துக்கல, சண்டையே போட்டோம். அழறவ கப்பல் போன பக்கமே பாத்துட்டு நிப்பா. இவ கப்பல் மறையறதுக்குள்ள ஜன்னல சாத்திட்டு, தனக்கு மட்டும் டீ போட்டுக்கறா.”

ஆசிரியை அண்ணியைப் பார்த்தார்.

“எனக்கு இன்னமும் அது சோகக் கவிதைதான்” என்றாள் அண்ணி.

ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டார். அழைத்ததைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும்தான் அண்ணிக்கு மூச்சே வந்தது. மதில் சுவரில் சாய்ந்துகொண்டு மாமியாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் நீளமாய் ஒரு பெருமூச்சு.

“உன்ன என்னென்ன கேக்கணும்னு காலைலேர்ந்து யோசிச்சு வச்சிருந்தேன். எல்லாம் வீணாப் போச்சு, போ” என்றார் மாமியார்.