டிரெய்லரில் வந்தவன்

ஸ்டர்ஜிஸ் ஊருக்குப் பன்னிரண்டு மைல் முன்னால், பூட்டிக் கிடந்த தானியக் கிடங்குக்குப் பின்னே மோட்டார் சைக்கிள் ஏற்றிய டிரெய்லரோடு வெர்னா பிக்கப் லாரியை நிறுத்தினாள். நான்கு வருஷமாக அதே இடம். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணுக்கு அங்கே நிற்கும் டிரெய்லர் தெரியாது. அந்தப் பொட்டலுக்கு அதைத் தவிர வேறு சிறப்பு எதுவும் இல்லை.

ஸ்டர்ஜிஸில் வருஷாவருஷம் கூடும் ஆகஸ்ட் பைக் பேரணிக்கு மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வருகிறவன்தான் மனுஷன். டிரெய்லரில் ஏற்றி வருகிறவனை ஊரே ஓட்டும். அந்தக் கேலியை முப்பது வருஷம் முன்வரிசையில் நின்று செய்தவன் ரோலண்ட், வெர்னாவின் புருஷன். பக்கவாதம் வந்து இடது கை தளர்ந்தபின், அரைமணி நேரத்துக்குமேல் அவனால் கிளட்சைப் பிடிக்க முடியவில்லை. நெப்ராஸ்காவிலிருந்து நானூறு மைலும் வெர்னாதான் பிக்கப்பை ஓட்டுவாள். கடைசிப் பன்னிரண்டு மைலுக்கு மட்டும் ஐயா பைக்கில் ஏறி, கூட்டாளிகள் காத்திருக்கும் முகாமில் புழுதி பறக்கப் போய் இறங்குவார். அவள் டிரெய்லரை இங்கேயே கழற்றிவிட்டுக் கூடாரச் சாமான்களோடு பின்னால் போவாள். இந்தக் கூத்து வெளியே தெரிந்தால் செத்துவிடுவேன் என்று அவன் சொல்லியிருந்தான். வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“பைக்க இறக்குற சாய்வுப் பலகைய எடுத்துட்டு வரேன், அதுவரைக்கும் எதையும் தொடாதய்யா,” என்று சொல்லிவிட்டு அவள் பிக்கப்பின் மறுபக்கம் போனாள்.

அவன் எப்போது கேட்டான், இப்போது கேட்க? தூரத்தில் பைக்குகளின் உறுமல் கேட்டதும் அவசரப்பட்டு மேலே ஏறி, பைக்கை இழுத்துக் கட்டியிருந்த நான்கு பட்டைகளையும் தளர்த்திக் கழற்றிவிட்டான். வீட்டில் அப்படித்தான் பழக்கம். அங்கே முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கவ்வி சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். சக்கரத்தை உள்ளே தள்ளிவிட்டால் போதும், பட்டையும் வேண்டாம், ஸ்டாண்டும் வேண்டாம், குளிர்காலம் முழுக்க வண்டி ஆடாமல் நிற்கும். இந்த டிரெய்லரோ தங்கை புருஷனுடையது. தரையில் ஓட்டை போடக்கூடாது என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டதால், கவ்வியை ஒரு ஒட்டுப்பலகையில் திருகி, பலகையைச் சும்மா மேலே வைத்திருந்தார்கள். வழி முழுக்க வண்டியை நிறுத்திவைத்தவை பட்டைகள்தான். கைக்கு அதெல்லாம் நினைவிருக்குமா?

சத்தம் கேட்டு வெர்னா ஓடிவந்தாள். எண்ணூறு பவுண்டு வண்டி கவ்வியும் பலகையுமாகப் பெயர்ந்து சாய்ந்திருந்தது. டிரெய்லரின் பக்கக் கம்பிக்கும் பைக்கின் இன்ஜினுக்கும் நடுவில் ரோலண்டின் வலது கால் சிக்கியிருந்தது. ஜீன்ஸ் முழங்காலுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வந்தது.

ரத்தம் உறையாமல் இருக்க அவன் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவன். சவரம் செய்யும்போது கீறினாலே அரைமணி நேரம் நிற்காது.

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. சீட்டுக்கு முதுகைக் கொடுத்து, குந்தி, காலால் உந்திப் பார்த்தாள். விழுந்த வண்டியை நிமிர்த்த அவனே சொல்லிக்கொடுத்த முறை அது. பலகை வழுக்கியது. வண்டி ஓர் அங்குலம் எழுந்து திரும்ப இறங்கியது. அவன் கதறினான். மறுபடி உந்தினாள், மறுபடியும். அறுபத்தோரு வயது இடுப்பு எவ்வளவுதான் தாங்கும்!

“ரோட்டுக்குப் போறேன்.”

“போகாத வெர்னா. இன்னொரு தடவ தூக்கிப் பாரு.”

“ரத்தம் போவுதுய்யா!”

“அவங்க யாராவது வந்துட்டா? டிரெய்லரப் பாத்துருவாங்க. என் மானத்த வாங்காதடி, உன் கால்ல விழுறேன்.”

“பொணத்துக்கு எதுக்குய்யா மானம்?” என்று கத்திவிட்டு அவள் தன் சிவப்பு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாலை விளிம்பில் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தால் ஆபத்து என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகும் நிற்காமல் போக பைக் ஓட்டுகிற எவனுக்கும் மனசு வராது. வைத்தாள். இரண்டு லாரிகள் போயின. ஒரு கார் போனது. அவள் இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி அழைத்தாள், யாரும் திரும்பவில்லை. பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவன் குரல் நின்றுபோனது. கடவுளே, யாரையாவது அனுப்பு, எவனாக இருந்தாலும் சரி என்று வாய்விட்டே சொன்னாள்.

ஆறு பைக்குகள் வந்தன. முதலில் இறங்கியவன் ஹார்லன். முகாமில் ரோலண்டுக்காகக் காத்திருக்கவேண்டியவன், பீர் வாங்கப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். வெர்னா கிடங்கின் பக்கம் கையைக் காட்டினாள்.

ஆறு பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். ஹார்லன் தன் பெல்ட்டை உருவி, தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். ஒருவன் சிக்னலைத் தேடி மேட்டுக்கு ஓடினான். அதன்பிறகுதான் எல்லோர் கண்ணும் டிரெய்லர்மேல், அவிழ்ந்து கிடந்த பட்டைகள்மேல், கவ்வியின்மேல் போனது. ரோலண்ட் வெளுத்த முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஹார்லனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் மற்றவர்களிடம் உரக்கச் சொன்னான்: “வண்டி வழியில மக்கர் பண்ணிருச்சுடா. வெர்னாவ டிரெய்லரோட வரச்சொல்லி ஏத்திருக்கான். என்ன மச்சான், அப்படித்தானே?”

இளையவன் ஒருவன் தலையை ஆட்டினான். “அதானே பாத்தேன். ஏத்தும்போது அக்கா கைய விட்டுருச்சு போல. பொம்பளைய நம்பி இவ்ளோ பெரிய வண்டிய ஏத்துனா இப்படித்தான்.”

வெர்னாவுக்குச் சுரீரென்றது. ஆனாலும் ரோலண்டுக்கு உயிர் தங்கினால் போதும், பழி தன்மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவன் தலையை மடியில் ஏற்றிக்கொண்டாள்.

“அவ விடல,” என்றான் ரோலண்ட். உதடு உலர்ந்து குரல் பிசிறடித்தது. “பட்டைய அவுத்தது நான். தொடாதன்னு சொல்லிட்டுத்தான் போனா.”

“பேசாதடா, ஆம்புலன்ஸ் வருது.”

“கேளுடா ஹார்லன். வண்டி மக்கர் பண்ணல. டிரெய்லர்லதான் வந்தேன். நாலு வருஷமா டிரெய்லர்லதான் வரேன். அந்த நானூறு மைலயும் ஓட்டினவ இவ.”

யாரும் சிரிக்கவில்லை. இளையவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத வெர்னா, அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னாலும் ஓவென்று அழுதாள். ரோலண்டின் தலையை மெல்ல இறக்கிவிட்டு, அடிபட்ட காலின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவனுக்கு மூச்சு ஓடிக்கொண்டிருந்தது; அந்தப் பாதம் மட்டும் சில்லென்றிருந்தது.