ஒரு மாத்திரை குறைகிறது

சீஃப் இன்ஜினியருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கப்பலேறுவதற்கு முன் செய்யும் உடல் பரிசோதனைக்கு வந்தவர், நாற்காலியில் உட்காருவார், எழுவார், தண்ணீர்க் குழாய்வரை போய்க் குடிக்காமல் திரும்புவார். போன தடவையே பிரஷர் எகிறிக் கிடந்தது. உப்பைக் குறைங்க, சிகரெட்டை விடுங்க, நடங்க என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மனுஷன் விட்டது டாக்டரிடம் போவதை மட்டும்தான். இன்ஜின் ரூம் வெக்கையில், தூக்கங்கெட்ட வேலையில், சிகரெட்டுதான் அவருக்குத் துணை. இந்தத் தடவை தேறாவிட்டால் கப்பல் கிடையாது. கரையில் சும்மா இருந்தால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

அதனால் காலையில் ஒரு திருட்டு வேலை பார்த்திருந்தார். தன் மாத்திரையோடு, மனைவியின் அட்டையில் மிச்சமிருந்த ஒரே பிரஷர் மாத்திரையையும் சேர்த்து விழுங்கியிருந்தார்.

"செத்த உட்காருங்களேன். பார்க்கிற எனக்கே படபடன்னு வருது" என்றாள் கூட வந்திருந்த மனைவி.

உள்ளே டாக்டர் சீஃபின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். "அட, பரவாயில்லையே! சிகரெட்டை விட்டாச்சா?"

"தொடுறதே இல்ல, டாக்டர்" என்றார் வாய் கூசாமல்.

"நல்லது. நடுக்கடல்ல நெஞ்சைப் பிடிச்சா நான் நீந்தியா வர முடியும்?"

கப்பலேறலாம் என்று டாக்டர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, தலைசுற்றி நின்ற மனைவியை நர்ஸ் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அதே பட்டை இப்போது அவள் கையில். டாக்டரின் முகம் மாறியது.

"காலையில மாத்திரை போட்டீங்களாம்மா?"

"அட்டை காலியா இருந்துச்சு. போட்டிருப்பேன்."

"போட்டுமா இவ்வளவு? அப்ப இந்த மருந்து போதாது. அளவைக் கூட்டணும்."

சீஃப் மேஜையைப் பார்த்தார். கையெழுத்தான தாள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

மனைவி அவரைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "எனக்கு ஒண்ணுமில்லங்க. நீங்க நிம்மதியாக் கப்பலுக்குக் கிளம்புங்க."

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், கூட்டாதீங்க. அவ மாத்திரை போடல. அதையும் நான்தான் முழுங்கிட்டேன்."

டாக்டர் அந்தத் தாளை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மனைவி பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"இப்பவாவது உட்காருங்க."

உட்கார்ந்தார்.