மொட்டு விரிகிற வரைக்கும்

ஒரு பூவை நேராக நின்று படம் எடுப்பது ஸ்டுடியோக்காரருக்கு அறவே பிடிக்காது. ஆயுசு முழுக்க நேராகத்தான் எடுத்திருந்தார். பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், வேலைக்கு மனுப் போடுகிறவர்களின் படம். "நிமிர்ந்து உட்காருங்க, தலையை ஆட்டாதீங்க, சிரிக்காதீங்க" என்று ஊரில் பாதிப் பேரை விறைப்பாக உட்கார வைத்த மனுஷன். கடையை இழுத்து மூடினாரோ இல்லையோ, இனி எதையும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டவர் போலப் பூக்களுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

படுத்துவிட்டார் என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. பனி உருகி, பூங்காவில் துலிப் தலைகாட்ட வேண்டியதுதான், பழைய மழைக்கோட்டை ஈர மண்ணில் விரித்துக் குப்புறப் படுப்பார். கன்னம் தரையில் ஒட்டியிருக்கும். கேமராவை மண்ணோடு மண்ணாக வைத்து, கீழேயிருந்து மேலே பார்த்து எடுப்பார். அந்தப் படத்தில் விரல் நீளத் தண்டு மாடிக் கட்டடம் மாதிரி உயர்ந்து நிற்கும். இதழின் அடிப்பக்கம் நரம்பு நரம்பாகத் தெரியும், அதற்குள் வெயில் புகுந்திருக்கும். "இதுதான் எறும்பு பாக்கற பூ" என்பார். பார்க்க அழகுதான், அதில் பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த வயதில் சேற்றில் கிடப்பது என்ன லட்சணம் என்று கேட்டால் மட்டும் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அவர் மனைவிக்கு லட்சணம் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவளுக்கு இருந்தது பயம். போன குளிர்காலத்தில் ஒருநாள் காபிக் கோப்பை அவர் கையிலிருந்து தானாக நழுவியது. வலது கை மரத்துப்போய், வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணி, கொஞ்ச நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. "ஒண்ணுமில்ல, தூக்கக் கலக்கம்" என்று அவர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "இது எச்சரிக்கைம்மா. அடுத்தது சொல்லிட்டு வராது. மாத்திரையை விடக் கூடாது. இவரையும் தனியா விடக் கூடாது" என்று அவளிடம்தான் சொன்னார். அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் அவளும் கூடப் போனாள். அவர் மண்ணில் கிடப்பார், அவள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பூக்காலம் முழுக்க அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

அன்றைக்கு விடிவதற்கு முன்பே காரில் சண்டை ஆரம்பமாகிவிட்டது. அவள்தான் ஓட்டினாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"வந்து போட்டுக்கறேன். அதைப் போட்டா குப்புறப் படுக்கறப்ப தலை சுத்துது."

"தலை சுத்தினா படுக்காதீங்க."

"நான் படுக்கலைன்னா எனக்காகப் பூ ஏணி மேல ஏறி நிக்குமா?"

"முந்தாநாளும் போடலை. நேத்தும் போடலை. நான் எண்ணிப் பாக்க மாட்டேன்னு நினைச்சீங்களா?"

"எண்ணு. நல்லா எண்ணு. டாக்டரும் நீயும் சேர்ந்து என்னை ஃபிரேம் போட்டுச் சுவத்துல மாட்டிடுங்க. ஆடாம அசையாம இருப்பேன், உங்களுக்கும் நிம்மதி."

அவள் வண்டியை நிறுத்திவிட்டு, "எக்கேடோ கெட்டுப் போங்க" என்றாள்.

கோபத்தில் எல்லா வீட்டிலும் வருகிற வார்த்தைதான். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பாத்தியைப் பார்த்து நடந்தார். ஓரத்தில் மஞ்சள் கோடு ஓடிய ஒரு சிவப்பு மொட்டைத் தேர்ந்தெடுத்தார். இறுக மூடியிருந்தது, மேலே பனித்துளி. திரும்பிப் பார்க்காமலே, "இது விரியற வரைக்கும் யாரும் கிட்ட வரக் கூடாது" என்றார். யாரும் என்று அங்கே அவளைத் தவிர ஒருத்தரும் இல்லை. சொதசொதவென்ற மண், பக்கத்தில் ஆள் நடந்தாலே தண்டு ஆடும், படம் கலங்கிவிடும். இந்தச் சட்டம் அவளுக்குப் புதிதல்ல.

பெஞ்சிலிருந்து பார்த்தால் அவருடைய இரண்டு பாதங்களும் காற்சட்டையில் கொஞ்சமும் தெரியும். மீதி ஆள் பூக்களுக்குப் பின்னால். அதனால் அவள் கண்ணை நம்புவதில்லை, காதைத்தான் நம்புவாள். அது பழைய கேமரா, ஒவ்வொரு படத்துக்கும் 'டக்' என்று பலமாகச் சத்தம் போடும். வீட்டில் எரிச்சல் மூட்டுகிற அந்தச் சத்தம் பூங்காவில் அவளுக்கு ஆறுதல். சத்தம் நின்றால் "என்னங்க" என்று குரல் கொடுப்பாள். அவர் ஒரு காலைத் தூக்கி ஆட்டுவார், உயிரோடுதான் இருக்கிறேன் என்று. அன்றைக்கு அவள் குரல் கொடுப்பதாக இல்லை. முதலில் அவர் பேசட்டும் என்ற வீம்பு.

முதலில் டக்குகள் கன்னாபின்னாவென்று வந்தன. சேர்ந்தாற்போல் இரண்டு, அப்புறம் ஒன்றுமே இல்லை, அப்புறம் அவர் யாரையோ திட்டுகிற முணுமுணுப்பு. அவளைத்தான் திட்டியிருப்பார். கொஞ்ச நேரம் போனதும் சத்தம் ஒழுங்குக்கு வந்தது. ஒரே சீராக, அவசரமே இல்லாமல், டக். நிதானமாக ஒரு இடைவெளி. மறுபடி டக். பரவாயில்லை, கோபம் தணிந்து கை நிதானத்துக்கு வந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். வாரப் பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. காவலாளி சுற்றி வந்தார். முதல் வருஷம் இவர் மயங்கிக் கிடக்கிறார் என்று நினைத்து விசில் ஊதிக் கூட்டத்தைக் கூட்டிவிட்டு, ஸ்டுடியோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன். அதற்குப் பிறகு அவரே காவலுக்கு நிற்பார். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்களை அந்தப் பக்கமாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டுவார். அவர்களும் பழகிப்போய், புன்சிரிப்போடு சுற்றிக்கொண்டு போவார்கள்.

"சார் இன்னைக்கு ரொம்ப ஆழ்ந்துட்டாரு போல" என்றார் காவலாளி.

"ஆழட்டும்" என்றாள் அவள்.

மற்ற நாளானால் பாதிக் காலையில் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிப் பாத்தி ஓரம் வரை கொண்டுபோய் வைப்பாள். அன்றும் ஊற்றினாள். வேண்டுமென்றால் எழுந்து வந்து குடிக்கட்டும் என்று அதைத் தானே குடித்துவிட்டாள். டக், டக் என்று சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

உச்சிவெயில் வருகிற நேரத்துக்கு அது நின்றது.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு வருவார் என்று பார்த்தாள். வரவில்லை. சத்தமும் வரவில்லை. வீம்பை விட்டு, "என்னங்க" என்றாள். கால் தூக்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். எழுந்து போனாள். அப்போதும் பூ ஆடிவிடக் கூடாதே என்று மெதுவாக அடி வைத்துத்தான் போனாள். அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை.

மூச்சு இருந்தது. ஒரு கண் பாதி திறந்திருந்தது. வாய் கோணி, எச்சில் மண்ணில் இறங்கியிருந்தது. வலது கை கேமராவுக்கு முன்னால் விழுந்து கிடந்தது. அவள் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்தார். அப்புறம் ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், ஆஸ்பத்திரி.

அங்கே இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். ஸ்கேன் எடுத்து வந்ததும் நேராகக் கேட்டாள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க, இது ரொம்ப முக்கியம்."

"இப்பத்தான். கொஞ்சம் முன்னாடி வரைக்கும் படம் எடுத்துட்டுத்தான் இருந்தாரு. சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. நின்ன உடனே போய்ப் பாத்தேன்."

டாக்டரின் முகம் தெளிந்தது. "அப்ப நேரம் இருக்கு. கட்டியைக் கரைக்க ஊசி இருக்கு. ஆரம்பிச்சு நாலு மணி, நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டா கை கால், பேச்சு எல்லாம் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கு. அது தாண்டிட்டா போடக் கூடாது. மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு ஆளையே கொன்னுடும்." சொல்லிக்கொண்டே உள்ளே போய், மருந்தைத் தயார் பண்ணச் சொன்னாள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வராந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் அவருடைய பை. கடைசியாக என்னத்தைத்தான் எடுத்தார் இந்த மனுஷன் என்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான், வேறு சந்தேகமெல்லாம் இல்லை. கேமராவில் உயிர் இல்லை, பேட்டரி தீர்ந்திருந்தது. பையிலிருந்த இன்னொன்றைப் போட்டாள். திரையில் ஏதோ ஒரு ஜனவரி மாதத் தேதி வந்தது. பேட்டரி மாற்றினால் தேதி வைக்க வேண்டும், அவர் ஒருநாளும் வைத்ததில்லை, அதனால் அது காட்டுகிற நேரத்தையும் நம்ப முடியாது.

கடைசிப் படத்தில் துலிப் வாயைப் பிளந்து விரிந்திருந்தது, பின்னால் நீல வானம். கீழ் ஓரத்தில் கலங்கலாக ஏதோ சதை நிறத்தில் தெரிந்தது. ஒவ்வொன்றாகப் பின்னால் போனாள். அதே கோணம், அதே பூ, கொஞ்சம் குறைவாக விரிந்தது. அந்தச் சதை நிறம் அதே இடத்தில் இருந்தது. இன்னும் பின்னால் போனாள். அரைவாசி விரிந்த பூ, கால்வாசி விரிந்த பூ. உற்றுப் பார்த்தபோது அது அவருடைய விரல் என்று தெரிந்தது. லென்ஸ் முன்னால் ஒரு தூசி கிடந்தால்கூடக் கத்துகிற ஆள். எல்லாப் படத்திலும் அந்த விரல் அசையாமல் கிடந்தது. கடைசியில் மொட்டு வந்தது. இறுக மூடிய மொட்டு, மேலே பனித்துளி, முழுசாக வெளுக்காத வானம், அங்கேயும் விரல். அதற்கு முந்தின படத்தில் விரல் இல்லை.

கேமராவின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பெட்டி செருகியிருந்தது. மகள் அவருடைய பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பியது. அது வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் அவர் அதைப் பற்றி அளந்தார்: "இதை மாட்டிட்டா நான் தொடவே வேண்டாம். நேரம் வச்சு அதுவே எடுத்துக்கிட்டே இருக்கும். மொட்டு விரியறதை முழுசா எடுத்துடலாம்." அவள் "உம்" கொட்டியபடி குழம்பில் உப்பு குறைந்ததைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சீரான டக் எதுவுமே அவர் எடுத்ததல்ல. விடிந்த கையோடு விழுந்தவர், காலை முழுக்க அங்கே கிடந்திருக்கிறார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்திருக்கிறாள். இத்தனை நாள் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்தவளுக்கு ஒரு துலிப் விரிய எவ்வளவு நேரமாகும் என்று தெரியாதா? டாக்டர் சொன்ன கெடு எப்போதோ தாண்டிவிட்டது.

இது அவளைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. வாயைத் திறக்காவிட்டால் ஊசி போடுவார்கள். ஒருவேளை அதிர்ஷ்டம் இருந்தால் கையும் பேச்சும் திரும்பி வரும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் ஆள் போய்விடுவார். சொன்னாலோ, அந்த வலது கை போனது போனதுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று உலகம் கேட்கும். நர்ஸ் மூடிய தட்டோடு அறைக்குள் போவதைப் பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"போடாதீங்க. டாக்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் வந்தாள். இவள் கேமராவை நீட்டி, விரல் இல்லாத படத்தையும் விரல் விழுந்த படத்தையும் காட்டினாள்.

"நான் சொன்னது தப்பு. இந்த மொட்டு மூடியிருக்கறப்பவே விழுந்துட்டாரு. அது விரிய ஒரு காலைப்பொழுது முழுக்க வேணும். சத்தம் போட்டது மெஷின்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்."

டாக்டர் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நர்ஸிடம் தலையசைத்தாள். தட்டு திரும்பிப் போனது. "உயிரைக் காப்பாத்தப் பாக்கறோம். வலது பக்கமும் பேச்சும் திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பொழுது சாய்வதற்குள் மகள் வந்து சேர்ந்தாள். உள்ளே போய் அப்பாவைப் பார்த்துவிட்டு, முகம் வீங்க வெளியே வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளைச் சுற்றிக் கையைப் போட்டு, குழந்தையைத் தட்டுவது போலத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதம்மா. நல்லவேளை, நீ பக்கத்துல இருந்தே. இல்லன்னா என்ன ஆகியிருக்கும்?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போதும். அவளால் முடியவில்லை. காரில் நடந்த சண்டையிலிருந்து ஆரம்பித்து, தானே குடித்த காபி வரை, ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தபோது மகளின் கை அம்மாவின் தோளில்தான் இருந்தது, ஆனால் தட்டுவதை நிறுத்தியிருந்தது.