எவினாவின் தோளில் ஏறிய கொடி

மெபாங் ஊரில் எவினாவின் இடது தோளில் ஒகோக் கொடி முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பிறகு. அதற்கு முந்தின வாரம்தான் அவன் கொக்கோ போடுவதற்காக வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டை ஒரு மரம் விடாமல் வெட்டிச் சாய்த்திருந்தான். ஒகோக் படர்ந்திருந்தது அந்த மரங்களில்தான். அதன் இலையை மயிரிழையாக நறுக்கி, நிலக்கடலை விழுதும் எண்ணெய்ப்பனைச் சாறும் சேர்த்துச் சமைப்பதில் அவன் மனைவி பிலோவாவுக்கு ஆற்றங்கரை நெடுகப் பெயர். வெட்டுமுன் அவளிடம் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இனிமே இலைய எங்க போய்ப் பறிக்கிறது? உன் தலையிலயா?" என்று கேட்டுவிட்டு அவள் பேச்சை நிறுத்திக்கொண்டாள். கொடி தலையில் அல்ல, தோளில் முளைத்தது. அந்த வித்தியாசத்தை ஊரில் எவரும் பெரிதுபடுத்தவில்லை.

பிடுங்கிப் பார்த்தான், பல்லைப் பிடுங்குவது போல வலித்தது. நகரத்து டாக்டர் பொறுமையாகச் சோதித்து, அவனும் கொடியும் இருவருமே ஆரோக்கியமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிவதற்குள் பின்வரிசைப் பெண்கள் கொடியின் இலையைப் பறித்துப் பறித்து அவன் முதுகை மொட்டையாக்கிவிடுவார்கள்.

"ஜெபம் பண்ண வந்தீங்களா, கறிக்கு வந்தீங்களா?" என்று திரும்பிச் சீறுவான்.

"ஆடாம நில்லுண்ணே, இளசு கிழிஞ்சிடும்."

பாதிரியார் அந்தப் பெண்களைக் கண்டித்தார். பிறகு தனக்கும் ஒரு பிடி அனுப்பச் சொன்னார்.

சிக்கல் வெயிலில் வந்தது. ஒகோக் நிழல் கேட்கும் கொடி. வெட்டவெளியாகிவிட்ட தோட்டத்தில் அவன் நின்றால் இலை வாடும். இலை வாடினால் அவனும் மயங்கிச் சாய்வான். பக்கத்திலேயே கொக்கோக் கன்றுகளும் கருகிக்கொண்டிருந்தன. அப்படி விழுந்த ஒரு நாள் பிலோவா ஓடிவந்து அவன் முகத்தில் தண்ணீர் அடித்தாள், மிச்சத்தைக் கொடிக்கு ஊற்றினாள், மாதக்கணக்கில் மூடியிருந்த வாயைத் திறந்தாள்.

"செத்துத் தொலைஞ்சிராத. அப்புறம் கொடி எதுல நிக்கும்?"

"கொடியத்தான் பாக்குற, இல்ல?"

"ரெண்டும் ஒண்ணாத்தான கெடக்கு. எதைப் பிரிச்சுப் பாக்குறது?"

அன்றைக்கே கொக்கோ வரிசைகளுக்கு நடுவே நிழலுக்கு வாழை வைத்தார்கள். வாழைக்கு அடியில் காட்டு மாங்கொட்டை புதைத்தார்கள். வருஷங்கள் போயின. மாமரங்கள் வாழையைத் தாண்டின, நிழலில் கொக்கோ தேறியது, காடு போனதோடு ஊரை விட்டுப் போயிருந்த, வறுத்துத் தின்கிற மரப்புழுக்கள் குடும்பத்தோடு திரும்பி வந்தன, எவினாவுக்கு வழுக்கை விழுந்தது.

ஒரு மழைக்காலத்தில் கொடி அவனை விட்டு மாமரத்தை எட்டிப் பிடித்தது. அது முழுசாக மாறும்வரை அவன் மரத்தோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. பிலோவா முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து பேசாததையெல்லாம் பேசினார்கள். கொடி போனபின் அவனுக்குத் தோள் வெறிச்சென்று இருந்தது. மறுநாளும் அங்கேயே போய் நின்றான்.

"எதுக்குய்யா நிக்கிற? அதான் போயிடுச்சே."

"நீ சொன்ன கதை பாதியில நிக்குதே."

அவள் சிரித்துக்கொண்டு முக்காலியை இழுத்துப் போட்டாள். கதைக்கு நடுவில் காதுக்குப் பின்னால் அரிக்கிறது என்றான். அவன் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். சின்னதாக, வெள்ளையாக ஒரு காளான். குனிந்து மோந்து பார்த்தாள்.

"தின்கிற காளான்தான்" என்றாள். விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தாள்.